சிரித்தால் தானே எடுக்கும் கேமரா

ஷார்ஜாவிலிருந்து என் தம்பி கொண்டுவந்த கேமராவை நான் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளவில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பித்தளை விளக்கைப் படம் எடுத்தால் பித்தளையாகத் தெரிய வேண்டும். போனில் எடுத்தால் அது தங்கமாக ஜொலித்தது. படத்தைப் பார்த்து வெளியூரிலிருந்து வாங்கியவர்கள் பெட்டியைப் பிரித்ததும் சண்டைக்கு வந்தார்கள். அதற்காக ஒரு கேமரா கேட்டால், அவன் சகல வித்தையும் தெரிந்த ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "அக்கா, இதுல இல்லாத ஒண்ணுமே இல்ல" என்றான். அந்த வசனத்தைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். நானும் கடைக்காரிதான். வருகிறவர்களிடம் தினமும் நான் சொல்வதும் அதுதான்.

எங்கள் கடை மட்டாஞ்சேரியில், யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் இருக்கிறது. பழைய சாமான் கடை. கீழே விளக்கும் உருளியும் கடிகாரமும். மரப்படி ஏறிப் போனால் கிடங்கு. அங்கே சிலைகளும் பொம்மைகளும் இடிந்த வீடுகளிலிருந்து வந்த தூண்களும் நெருக்கியடித்து நிற்கும். பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ் முஸ்லிம் குடும்பம் எங்களுடையது. வீட்டுச் சுவரில் முகமுள்ள படம் எதையும் மாட்டுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. முகமெல்லாம் கடையில்தான். வீட்டில் தமிழ் பேசுவோம், கடைக்குள் மலையாளம். கடை வாசலில் உலகத்தில் உள்ள எல்லா பாஷையிலும் நாலு வார்த்தை.

அந்த வாசல் என் கணவருடைய இடம். ஜூ டவுனில் ஒவ்வொரு கடை வாசலிலும் ஒருவர் நின்று, போகிறவர்களை உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருப்பார். பலர் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுவார்கள். என் கணவர் அப்படிச் செய்ததே இல்லை. அவர் நின்று சிரிப்பார், அவ்வளவுதான். வெயிலில் சலித்துப் போய், இனி ஒரு கடையும் வேண்டாம் என்று நடந்துகொண்டிருக்கும் வெள்ளைக்காரக் கிழவிகூட அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒரு நிமிடம் நிற்பாள். நின்றால் உள்ளே வருவாள். கல்யாணமான புதிதில் எனக்கு இது கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. எனக்கு மட்டும் என்று நான் நினைத்திருந்த சிரிப்பை அவர் ஊருக்கே விநியோகம் செய்துகொண்டிருந்தார்.

கேமராவுக்கு வருகிறேன். அதன் மெனுவைத் திறந்தால் அது கோஷ்ரீ பாலத்து நெரிசல்போல முடிவில்லாமல் போனது. எடுத்த படத்தை ஓவியம்போல மாற்ற ஒரு வசதி. மட்டமான பொம்மைக் கேமராவில் எடுத்ததுபோல மங்கலாக்க இன்னொரு வசதி. நல்ல கேமரா வாங்கி அதை மட்டமாக்க ஒரு பட்டன் வைத்தவனை நேரில் பார்த்தால் நாலு கேள்வி கேட்கலாம் என்றிருந்தது. மிருகங்களின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி ஒன்றும் இருந்தது. விளக்கை எடுக்கக் கடை வாசலில் நின்றால், எதிரே இருந்த சுக்குக் கிடங்கு ஓரம் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டின் கண்ணில் போய்ச் சதுரம் கட்டியது. விளக்கை விட்டுவிட்டு ஆட்டை எடுத்துக் கொடுத்தது. படம் நன்றாகவே இருந்தது. ஆனால் ஆட்டை நான் யாருக்கு விற்பது?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டேன். திரையில் ஒரு கோடு வரும். கேமரா கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் கடைத் தரையே சாய்வு என்பது அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் சிரிப்பு மூட்டியது, ஆள் சிரித்தால் தானே படம் எடுத்துக்கொள்ளும் வசதிதான். பட்டனை அழுத்தவே வேண்டாம். எதிரே இருக்கும் முகத்தில் சிரிப்பு வரும்வரை காத்திருந்து, வந்ததும் எடுத்துவிடும். அதிலும் மூன்று நிலைகள்: லேசான சிரிப்புக்கு எடு, நடுத்தரமான சிரிப்புக்கு எடு, பெரிய சிரிப்புக்கு மட்டும் எடு. தம்பி அதைப் பெருமையாகக் காட்டியபோது, "ஒருத்தர் சிரிச்சா பட்டனை அழுத்த எனக்குக் கை இல்லையாடா?" என்று கேட்டேன். என் கணவர் அதன் முன்னால் போய் நின்றார். பெரிய சிரிப்பில்தான் வைத்திருந்தோம். க்ளிக் க்ளிக் என்று அது நிறுத்தாமல் எடுத்துத் தள்ளியது. "பாத்தியா, இதுக்கும் என்னைப் பிடிச்சுப் போச்சு" என்றார் அவர். நான் அந்த வசதியை அணைத்துவிட்டு விளக்கை எடுக்கப் போனேன்.

பிறகு மழைக்காலத்தில் ஒரு காலை. தொழுகைக்கு முன்னால் ஒளு செய்ய என் கணவர் வாயில் தண்ணீர் வைத்தார். கொப்பளிக்கும் முன்பே தண்ணீர் இடது ஓரமாக வழிந்து சட்டையில் இறங்கியது. மறுபடி வைத்தார், மறுபடியும் வழிந்தது. என்னைக் கூப்பிட்டார். கூப்பிட்ட குரலே சரியில்லை. போய்ப் பார்த்தேன். முகத்தின் வலது பாதியில் பயம் இருந்தது. இடது பாதியில் ஒன்றுமே இல்லை. இடது கண் இமைக்கவில்லை.

எறணாகுளத்தில் மருத்துவர் பார்த்துவிட்டு, இது பக்கவாதம் இல்லை, முகவாதம், உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார். மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது கண்ணை மூடி ஒட்ட ஒரு பிளாஸ்திரி. அநேகம் பேருக்குச் சரியாகிவிடும், சிலருக்கு முழுதாகத் திரும்பாது, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்ற அந்த வார்த்தையோடு நாங்கள் படகேறி மட்டாஞ்சேரிக்குத் திரும்பினோம். வழி முழுக்க அவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முகத்துக்குப் பயிற்சி கற்றுக்கொடுத்த மலையாளிப் பெண்தான் எனக்கு அந்த நரம்பைப் பற்றிச் சொன்னாள். காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சின்னத் துவாரம், அதன் வழியாக வெளியே வரும் ஒரே ஒரு நரம்பு. அது கிளை கிளையாகப் பிரிந்து கன்னத்துக்கும் உதட்டுக்கும் நெற்றிக்கும் போகிறதாம். அதில் ஒரு வீக்கம் வந்தால் அந்தப் பக்கம் முழுக்க அணைந்துவிடுமாம். நான் என் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தேன். எத்தனை கப்பல் வந்து போயிருக்கும், எத்தனை நாட்டு மனிதர்கள் எங்கள் வாசலில் நின்றிருப்பார்கள்! எங்கள் அடுப்பு எரிந்தது முழுக்க அந்த மெல்லிய ஒரு நரம்பில் என்று யார் நினைத்தது? ஆண்டவன் எவ்வளவு சிறிய இடத்தில் எவ்வளவு பெரிய காரியத்தை வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

"கண்ணாடி நோக்கி தினமும் செய்யணும் இக்கா. புருவம் பொக்கணும், கவிள் வீர்ப்பிக்கணும், பின்னே சிரிக்கணும்" என்று அவரிடம் சொல்லி அனுப்பினாள் அந்தப் பெண். புருவத்தைத் தூக்குவது, கன்னத்தை ஊதுவது, சிரிப்பது. அவர் வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் காரியம், கை கழுவும் இடத்தில் இருந்த கண்ணாடிமேல் துண்டைப் போட்டு மூடியதுதான்.

கடை வாசலில் நான் நின்றேன். என் மூஞ்சியைப் பார்த்தால் வழி கேட்க வந்தவனும் வேறு ஆளைத் தேடிப் போவான். நானும் எனக்குத் தெரிந்த மட்டும் பல்லைக் காட்டினேன். அவர் உள்ளே, ஒரு பழைய அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து பித்தளை துடைத்தார். தெரிந்தவர்கள் வந்தால்கூட எழுந்து வரமாட்டார். தினமும் சுவரைப் பார்த்துப் பயிற்சி செய்வார். செய்துவிட்டு என்னிடம் கேட்பார்.

"வந்துதா?"

"கொஞ்சம் வந்துது மச்சான்."

"நேத்தும் அதத்தானே சொன்னே. நீ கடைக்காரி. ஓட்டை விளக்கையே நல்ல விளக்குன்னு சொல்றவ. ஒன் பேச்ச எப்படி நம்பறது?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. கொஞ்சமும் வரவில்லை. நான் விற்றுக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கேமரா ஞாபகம் வந்தது. அதன் திரையை மடக்கி உள்பக்கமாகத் திருப்பிவிடலாம். திருப்பிவிட்டால் அவர் தன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சிரிப்பு வந்தால் சத்தம் கேட்கும், வராவிட்டால் கேட்காது. "அதுக்கு நம்மகிட்ட விக்கறதுக்கு ஒண்ணும் இல்ல மச்சான். அது பொய் சொல்லாது" என்றேன். அவர் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுப் படியேறி வந்தார்.

மேலே கிடங்கில் சன்னல் பக்கம் நல்ல வெளிச்சம் இருந்தது. மதியத் தொழுகை முடிந்து, வெளியூர்க்காரர்கள் சாப்பிடப் போயிருக்கும் நேரம். ஒரு முக்காலியில் அவரை உட்கார வைத்து, எதிரே கேமராவை அதன் காலில் நிறுத்தினேன். லேசான சிரிப்பில் வைக்கப் போனேன்.

"எதுல வெக்கறே?"

"லேசான சிரிப்புல. முதல்ல அது மதி, அது போதும்."

"வேண்டா. பெரிசுல வை. வாசல்ல லேசாச் சிரிச்சா எவன் உள்ள வருவான்?"

அவர் பிடித்த பிடி. பெரிய சிரிப்பில் வைத்தேன். அவர் சிரித்தார். வலது பக்கம் பல் தெரிய விரிந்தது. இடது பக்கம் யாரோ வேறு ஒருவருடையதுபோல அசையாமல் இருந்தது. சத்தம் கேட்கவில்லை. மறுபடி. கேட்கவில்லை. நாள் கணக்கில் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்களில் எனக்கு அந்தக் கருவிமேல் ஒரு மரியாதை வந்தது. பார்க்கிறவர்கள் எல்லோரும் அவரிடம், "நல்லா மாறியிருக்கே, இப்போ தெரியவே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் சொன்னார், உறவுக்காரர்கள் சொன்னார்கள், நான் சொன்னேன். அது மட்டும் சொல்லவில்லை. பாதிச் சிரிப்பைக் கொடுத்து அதை ஏமாற்ற முடியவில்லை. தம்பியிடம் போனில், அதற்குச் சிரிப்பு என்றால் என்னவென்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். கணக்கில்லாத முகங்களைக் காட்டிக் காட்டிப் பழக்கியிருப்பார்கள் அக்கா, உதடு எப்படிப் போகும், கண் ஓரம் எப்படிச் சுருங்கும் என்று அது கற்றுக்கொண்டிருக்கும் என்றான். எனக்கு மலைப்பாக இருந்தது. நான் பார்த்தே இராத ஏதோ ஊரில், நான் பார்த்தே இராத மனிதர்கள் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பெல்லாம் சேர்ந்து இந்தக் கைப்பிடிப் பெட்டிக்குள் வந்து, சுக்கு வாசம் அடிக்கும் ஒரு கிடங்கில் என் கணவரின் முகத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. விளையாட்டுக்கு வைத்த வசதி என்று நான் கிண்டல் செய்தது இதைத்தான்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மதியம் அது சத்தம் போட்டது.

க்ளிக்.

நாங்கள் இரண்டு பேரும் துள்ளிவிட்டோம். "மாஷா அல்லாஹ்!" என்று நான் கத்தினது கீழே கேட்டிருக்கும். அவர் எழுந்தே விட்டார். நான் ஓடிப்போய்த் திரையைத் திறந்தேன். படத்தில் அவர் முகம் அப்படியேதான் இருந்தது, ஒரு பக்கம் மட்டும் விரிந்து. சிரிப்பைக் கண்டுபிடித்த சதுரம் அவர் முகத்தில் இல்லை. அவர் தோளுக்குப் பின்னால் அலமாரியில், பழைய சர்ச் ஒன்றிலிருந்து அன்று காலைதான் வந்து சேர்ந்த மர மாலாகா ஒன்று இருந்தது. சிறகு உடைந்த தேவதூதன், குண்டுக் கன்னம், வாய் நிறையச் சிரிப்பு. சதுரம் அதன் முகத்தில் இருந்தது.

முகங்களை விற்றே பிழைக்கிற கிடங்கில், அத்தனை முகங்களுக்கு நடுவே ஒரு மனிதரை உட்கார வைத்து, சிரிக்கிற முகத்தை எடு என்று கேமராவிடம் சொல்ல எங்களைத் தவிர யாருக்கும் தோன்றாது. படத்தை மறைக்கலாமா என்று நினைப்பதற்குள் அவர் எட்டிப் பார்த்துவிட்டார்.

"மரத்துக்கு சிரிப்பு வருது" என்றார். "எனக்கு வரல்ல. மதி."

படி இறங்கிப் போனார். மறுநாள் மேலே வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கூப்பிட்டால், "மதின்னு சொன்னேன்ல" என்பார். வீட்டிலும் பயிற்சியை நிறுத்திவிட்டார். பக்கத்துக் கடைக்காரர் தன் வாசலுக்கு ஆள் வைத்ததுபோல நாமும் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னார். அந்தப் பேச்சுதான் எனக்குத் தாங்கவில்லை. சமையலறையில் போய் அழுதேன். நரம்பு திரும்பி வந்தாலும் வரவேற்க ஆள் இல்லாமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. எனக்கு அழுகைக்குப் பின்னால் எப்போதும் கோபம்தான் வரும். மறுநாள் மதியம் கீழே அவரை உட்கார வைத்துவிட்டு மேலே ஏறினேன். மாலாகாவைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். அதோடு நிற்கவில்லை. தூண் பொம்மைகள், ராஜா ராணி, குதிரைமேல் உட்கார்ந்த துரை, மூக்கு உடைந்த பரிசுத்தவான், ஒவ்வொன்றாகத் திருப்பினேன். திருப்ப முடியாத கனமானவற்றுக்குச் சாக்கு போட்டேன். பிள்ளையாரைச் சுவர் பார்க்க வைப்பது மரியாதை இல்லை என்று பட்டது. அவரை மட்டும் நல்ல துணியால் போர்த்தினேன். யானை முகத்தை அது சிரிப்பு என்று எடுக்குமா, எடுக்காதா, யாருக்குத் தெரியும்?

பிறகு கேமராவை அதன் இடத்தில் நிறுத்தினேன். எந்த மூலையிலாவது சிரிக்கிற மரம் மிச்சம் இருந்தால் இன்றைக்கே மாட்டிக்கொள்ளட்டும் என்று, லேசான சிரிப்பில் வைத்தேன். திரையை மடக்கினேன். சத்தம் இல்லை. அறை முழுக்க முதுகுகள். சரி, நாளைக்கு எப்படியாவது இவரை இழுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது படியில் காலடி கேட்டது. யாரோ கேட்டார்கள் என்று ஒரு தூக்கு விளக்கை எடுக்க அவரே வந்திருந்தார்.

முக்காலி வரை வந்தவர் அறையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இதென்னது? எல்லாரும் ஒன்கிட்ட பெணங்கிட்டாங்களா?"

"பெணங்கினது யாரு? நீங்க! ஒரு மரக்கட்டை சிரிச்சதுன்னு நீங்க பெணங்கினீங்க. அதுக்காக இந்தத் துரையையும் ராணியையும் தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சு. அந்தப் பரிசுத்தவான் என் கால்ல விழுந்தாரு தெரியுமா? நான் அவர் கால்ல விழலை, அவர் என் கால்ல விழுந்தாரு..."

க்ளிக்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "இன்னும் எந்த மூஞ்சி பாக்கி இருக்கு?" என்று கத்திக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போனேன். ஒரு சாக்கு சரிந்திருந்தது. இழுத்து மூடினேன்.

க்ளிக்.

"சனியனே, எங்கேடா இருக்கே?" தரையில் மண்டியிட்டு ஒரு மேசைக்கு அடியில் பார்த்தேன். தூசியும் உடைந்த கடிகாரமும்தான் இருந்தன. எழுந்து தூணுக்குப் பின்னால் போனேன். பின்னால் மறுபடி க்ளிக் என்றது. நான் திரும்பவில்லை. அந்த முகத்தைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டே போனேன். கொஞ்ச நேரம் கழித்து, கேமராவின் திரையைத் திறக்கும் சின்ன சத்தம் கேட்டது. நோய் வந்த நாளிலிருந்து எந்தக் கண்ணாடியையும் பார்க்காத மனிதர், அதைத் தானே திறந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"கண்டுபிடிச்சிட்டீங்களா? எந்த மூஞ்சி, சொல்லுங்க. அதையும் திருப்பி வெக்கறேன்."

"இதத் திருப்ப வேண்டா" என்றார். "இது என் மூஞ்சி."

கையில் சாக்கோடு போய்ப் பார்த்தேன். சதுரம் அவர் முகத்தில் இருந்தது. இடது உதட்டின் ஓரம் அரிசி முனையளவு மேலே ஏறியிருந்தது. கண்ணுக்கு வெளியே ஒரே ஒரு சுருக்கம். அடுத்த படத்தில் இன்னும் கொஞ்சம். அவர் பயிற்சி செய்யவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார், தனக்கே தெரியாமல். நான் அந்த அறையில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் தேடியிருக்கிறேன். அவர் முகத்தை மட்டும் பார்க்கவே இல்லை. இனி அங்கே சிரிப்பு இல்லை என்று நான் எந்த நாளில் முடிவுசெய்தேன்? எனக்கே தெரியாது. அந்தப் பெட்டி அப்படி எதையும் முடிவுசெய்திருக்கவில்லை. அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன், இடது கன்னத்தை.

"எதுல வெச்சிருக்கே?" என்று கேட்டார்.

அவரிடம் பொய் சொல்லத் தோன்றவில்லை. "லேசான சிரிப்புல."

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நடுவுல உள்ளதுக்கு மாத்து" என்றார்.